பிரேக்குக்கு ஊற்றிய எண்ணெய்

எங்கள் காரின் பிரேக் அன்று ஏன் போனது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன. இரண்டு என்னைச் சேர்ந்தவை. மூன்றாவது இன்னொரு மனிதரைச் சேர்ந்தது. ஊர் மூன்றாவதை நம்பியது. நான் நம்பவிட்டேன். அதனால் அவர் பிறந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தது. நேர்ந்ததா, எப்படியும் போயிருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாத விஷயங்கள் இதில் நிறைய உண்டு. தெரிந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் பிறந்து அங்கேயே படித்தவன். மருந்து கலக்கப் பயின்று, லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரிக்கு வேலைக்கு வந்தேன். நான் டாக்டர் அல்ல. ஆனாலும் தோட்டத்தில் என்னை ‘டாக்டரய்யா’ என்றுதான் அழைத்தார்கள். அந்த அழைப்புக்கு நான் சீக்கிரமே பழகிவிட்டேன்.

கார் வந்தது அறுபத்தாறில். இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரை விட்டுச் சென்றது. நான்கு கதவு, சாம்பல் நிறம், முன் சீட்டு சோபாவைப் போல ஒரே நீளம். என் மனைவியும் நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதில் இருபது வருடம் போய்வந்தோம். அவ்வளவு காலம் ஒரு காரை எப்படி ஓட்டினீர்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒயிலை நேரத்துக்கு மாற்றினேன், ரேடியேட்டருக்கு ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினேன், மழைக்காலத்தில் அடித்தகட்டைக் கழுவிக் கிரீஸ் பூசினேன் என்று பதில் சொல்வேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அவற்றைச் சொல்லித் தந்தவரை நான் குறிப்பிடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் மேசன், தச்சர், மெக்கானிக் என்று கைவேலை தெரிந்தவர்களைப் ‘பாஸ்’ என்பார்கள். இவரும் பாஸ்தான். எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர். தேயிலை ஃபெக்டரியில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலையில் தொடங்கி, லுணுகலைக் கடைவீதி முடியும் வளைவில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, வாகனம் திருத்தினார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர் என்னை ‘நீங்க’ என்பார், நான் அவரை ‘நீ’ என்பேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று அப்படி நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றது. காருக்கு ஒரு பிளக் வாங்குவதற்குப் பதுளை, பண்டாரவளை, கண்டி என்று அலைய வேண்டும். அப்போதுதான் அவருடைய கெட்டித்தனம் தெரிந்தது. எதையும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். ஃபேன் பெல்ட்டுக்கு ஃபெக்டரிப் பட்டியைக் கிழித்துத் தைத்தார். பிரேக்குக்குள் இருக்கும் சின்னச் சின்ன றப்பர் கப்புகள் தேய்ந்தபோது, மொனராகலைப் பக்கத்திலிருந்து நல்ல றப்பர் கொண்டுவந்து, பதுளையில் டியூப் ஒட்டுகிற கடையில் அச்சில் வேகவைத்து, கண்ணாடித் துண்டால் சீவி எடுத்தார். தோட்டத்து லொறிக்குக்கூட அவைதான் போயின.

ஆனால் பிரேக் ஒயில் கிடைக்கவில்லை. ஒரு நாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார்.

“அய்யா, ஒங்ககிட்ட வெளக்கெண்ண இருக்குங்களா?”

“ஏன், வயிறு சரியில்லையா?”

“எனக்கில்லைங்க, வண்டிக்கு. வெளக்கெண்ணயும் ஸ்பிரிட்டும் பாதிக்குப் பாதி கலந்தா பிரேக் ஒயிலு. பழைய காலத்துல எல்லாரும் அதத்தான் ஊத்துனாங்களாம். ஃபெக்டரியில ஒரு கெழவரு சொன்னாரு.”

இரண்டும் என்னிடம் இருந்தன. பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்கு மாதம் ஒரு தடவை பூச்சி மருந்தும், அதன்பின் விளக்கெண்ணெயும் கொடுப்போம். மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று அழுவார்கள். அதிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக் கொடுத்தேன். அவர் கலந்து, குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். தெளிந்த தேன் போல இருந்தது.

“ஊருல ஒண்ணுக்கும் ஒதவாதவன வெளக்கெண்ணன்னு திட்டுறாங்க. இப்பப் பாருங்க, நம்ம உசிரே அதுலதான் நிக்குது,” என்றார்.

“லயத்துப் பிள்ளைங்க உன்னைக் கும்பிடும். ஒரு மாசம் தப்பிச்சாங்க.”

“அய்யா, நீங்க ஒண்ணு செய்யுங்க. காருக்கும் அட்டை எழுதிப் பேரு பதிஞ்சிருங்க. மாசம் ஒரு கரண்டி.”

என் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் “தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கோப்பையை நீட்டுவாள். அந்தக் கலவையை ஊற்றி இரண்டு வருடம் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான்: இந்தியாவுக்கா, இங்கேயா. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பகுதியினர் இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய தகப்பனார் உயிரோடு இருந்தபோது குடும்பத்துக்கே இந்தியப் பிரசாவுரிமைக்கு, அங்கே குடியுரிமைக்கு, எழுதிப் போட்டிருந்தார். அது கிடைத்தும்விட்டது. அண்ணன் குடும்பம் போய்விட்டது. இவருக்குப் போக மனமில்லை. “அங்க போயி யாருகிட்டங்க ஸ்பேனர் புடிப்பேன்? எனக்கு அந்த ஊரு பேருகூட ஒழுங்கா வாயில வரல” என்பார். தோட்டத்தில் கட்டாயமாகத் தேவைப்படும் ஆள் என்று துரை ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் சில வருடங்கள் இருக்கவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதற்குள் காலம் மாறலாம், சட்டம் மாறலாம். புதிதாக வந்திருந்த சிங்களத் துரைக்கு லொறியும் ஜீப்பும் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. “யோசித்துச் சொல்கிறேன்” என்று துரை சொல்லியிருந்தார். பாஸுக்கும் அவர் மனைவிக்கும் வாழ்க்கை அந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு வாரம் அவர் தம் தாள்களின் விஷயமாகக் கண்டிக்குப் போனார். அந்த வாரம் என் மூத்த மகளைப் பதுளையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் பேனட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஒயில் போத்தலில் அளவு இறங்கியிருந்தது. டிஸ்பென்சரியில் விளக்கெண்ணெய் தீர்ந்திருந்தது. ஆறு மாதமாக அதன் இடத்தில் எங்களுக்கு அனுப்பப்பட்டது லிக்விட் பரபின். அதுவும் பேதி மருந்துதான். மருந்துப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது. குழந்தைகளுக்கு அதைத்தான் கொடுத்துவந்தேன். வயிறு வித்தியாசம் பார்க்கவில்லை.

நான் அதை ஊற்றினேன். விளக்கெண்ணெயைவிட இது சுத்தம் என்று நினைத்தேன். நிறமில்லை, மணமில்லை, கெடாது. படித்தவன் செய்தால் இப்படித்தான் செய்வான் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போத்தல் நிறைந்தது. பதுளைக்குப் போய், மகளைச் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். பிரேக் அருமையாகப் பிடித்தது. அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

லிக்விட் பரபின் றப்பரை ஊதவைக்கும் என்பதை நான் பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அது. டிஸ்பென்சரியில் போத்தல்களின் றப்பர் மூடிகள் உப்பிப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் யோசித்ததும் அன்று ஒன்று சேரவில்லை.

இரண்டு வாரத்தில் கார் பாரமாக ஓடத் தொடங்கியது. மேட்டில் இழுக்கவில்லை. பெற்றோல் சரியில்லை என்று நினைத்தேன். பாஸ் கண்டியிலிருந்து வந்ததும் காட்டினேன். அவர் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“சூடாகுதுங்கய்யா. பிரேக்கு புடிச்ச புடி விடமாட்டேங்குது. சில்லுக் கப்பு நாலும் மாத்திப் பாப்போம்.”

தாம் செய்துவைத்திருந்த புதிய கப்புகளைப் போட்டார். எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினாரா, அல்லது இருந்ததோடு சேர்த்து ஊற்றினாரா என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரம் நான் தபால் கந்தோருக்குப் போயிருந்தேன். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என் கணக்குப் பாதி தீர்ந்திருக்கும். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ஊற்றியதைச் சொல்ல வேண்டிவரும்.

அதற்கு மூன்றாம் நாள், பதுளை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். பசறை தாண்டி, லுணுகலைப் பக்கம் இறங்கும் வளைவுகள். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விடுவேன். பெற்றோல் தட்டுப்பாட்டில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அதை ‘ஓசி ஓட்டம்’ என்போம். பாஸ் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்: “அய்யா, கியரு இல்லாம எறக்காதீங்க. பாரம் முழுக்கப் பிரேக்கு தலையில ஏறும்.” நான் கேட்கவில்லை. அன்றும் ஓசி ஓட்டம்தான்.

முதலில் ஒரு தீய்ந்த மணம் வந்தது. “என்னங்க, ஏதோ கருகுது” என்றாள் மனைவி. பக்கத்தில் யாரோ தேயிலைக் கழிவு எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் காலை வைத்தேன். பெடல் தரையில் போய் இடித்தது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. கியர் விழ மறுத்தது. பள்ளத்துப் பக்கம் வெறும் தேயிலைச் சரிவு. நான் மலைப் பக்கம் திருப்பி மண் திட்டில் மோதினேன். பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து கீழே உருண்டார்கள், அடியில்லை. மனைவி முன்னால் கையை ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அது சற்று வளைந்தே ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவளால் தன் தலையைத் தானே பின்ன முடியவில்லை. பிள்ளைகள் பின்னிவிடுவார்கள்.

மறுநாள் தோட்டத்து லொறி காரை இழுத்துவந்து அவருடைய கொட்டகையில் விட்டது. கடைவீதி ஆட்கள் கூடிவிட்டார்கள். பாஸ் முகம் வெளிறிப் போயிருந்தது. ஒரு சில்லைக் கழற்றிக் கப்பை எடுத்தார். மூன்று நாளைக்கு முன் அவர் போட்டது. தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை போல ஊதி, ஓரம் பிதுங்கியிருந்தது. அடுத்ததும் அப்படியே.

கூட்டத்தில் ஒருவர், லொறி டிரைவர், சொன்னார்: “பாத்தீங்களா? வீட்டுல றப்பரு வேகவச்சா இப்படித்தான் ஆகும். இட்டலியா சுடுறாரு?”

யாரோ சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. கப்பை விரலில் உருட்டிப் பார்த்தார். மூக்கருகே வைத்து மோந்தார். விளக்கெண்ணெய் மணந்திருக்கும். மற்றதற்கு மணமில்லை.

“இதே றப்பருதான் ஒங்க லொறியில ஒரு வருசமாக் கெடக்கு,” என்று டிரைவரிடம் சொன்னார். “அது ஏன் ஊதல?”

“நாளைக்கு ஊதும்!”

அப்போது அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கும் பார்வை அது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

“அய்யா, நான் இல்லாதப்ப இதுல ஏதாவது ஊத்துனீங்களா?”

“இல்லையே,” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியப்படுகிறேன். அந்தக் கணத்தில் நான் பொய் சொன்னேனா என்றுகூட எனக்குக் குழப்பமாக இருந்தது. ‘நீ கேட்பது வேறு ஏதாவது, நான் ஊற்றியது மருந்து, டிஸ்பென்சரியில் சுத்தமாக மூடிவைத்திருந்த எண்ணெய்’ என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டது. அந்த மருந்துதான் காரணம் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியது என்று தெரியும். கூட்டத்துக்கு முன்னால், டாக்டரய்யா குழந்தைகளின் பேதி மருந்தைக் காருக்கு ஊற்றி மனைவியின் கையை முறித்துக்கொண்டார் என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்துத் துரை என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தக் கடிதம் டைப் செய்து, கையெழுத்து இல்லாமல் கிடந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் காரை அவன்தானே திருத்தினான்? லொறியில் ஆட்கள் போகிறார்கள். அவனை நம்பி விடலாமா?”

நம்பலாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் “என்னால் எதுவும் சொல்ல முடியாது, சேர்” என்றேன்.

துரை தலையாட்டிவிட்டு அந்தத் தாளைப் பக்கத்தில் எடுத்து வைத்தார். அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லையே என்று நடந்து வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேயிலை மலைக்கு நடுவே அந்தப் பாதையில் எத்தனை தடவை அதைச் சொன்னேன் என்று தெரியாது. அந்தக் கடிதம் கிடைத்திருந்தாலும் அவரை இருக்கவிட்டிருப்பார்களா? சிலர் கடிதத்தோடும் போனார்கள். சிலர் கடிதமில்லாமலும் இருந்தார்கள். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அவருடைய கொட்டகைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. நான்கைந்து மாதத்தில் போகும் தேதி வந்தது. கப்பலேறுகிறவர்கள் ஊசி போட்டு அட்டை எழுதி வாங்க டிஸ்பென்சரிக்கு வருவார்கள். அவரும் மனைவியோடு வந்தார். மனைவி ஊசி போட்டுக்கொண்டு வெளியே போனாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தார். நான் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். என் பின்னால் அலமாரி.

“அய்யா, அந்த மேல் தட்டுல தண்ணி மாதிரி இருக்கே, அது என்னங்க?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. “பேதி மருந்து.”

“அதுவும் எண்ணதானா?”

“ஆமா.”

அவர் கையை நீட்டினார். ஊசி போட்டேன். முகத்தைச் சுளிக்கவில்லை.

“வெளக்கெண்ண தீந்துபோச்சுன்னா, புள்ளைங்களுக்கு அதத்தான் குடுப்பீங்களா?”

“அதைத்தான்.”

“ம்,” என்றார். சட்டைக் கையை இறக்கிவிட்டார். “வகுறு பாவம், எத ஊத்துனாலும் ஏத்துக்கும். றப்பரு அப்படியில்லைங்கய்யா.”

அவர் தெரிந்துதான் சொன்னாரா? வெறும் பேச்சாகச் சொன்னாரா? நாற்பது வருடமாக அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று தோன்றும். சில நாள், போகிற அவசரத்திலும் ஒரு மெக்கானிக்கின் புத்தி ஊதிய றப்பரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் என்று தோன்றும். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அறையில் வேறு ஒருவரும் இல்லை. சிரிப்பதற்கு ஆளில்லை. அப்படியிருந்தும் நான் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

எழும்பும்போது பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

“காரு கப்பு. ஒரு செட்டு முழுக்க இருக்கு, பெரிய கப்பும் ரெண்டு. எண்ண தடவி வச்சிருக்கேன், வெளக்கெண்ண. அதே றப்பருதான். நம்பிக்கையிருந்தாப் போடுங்க. இல்லன்னா நல்ல சாமான் வாறவரைக்கும் காரை நிப்பாட்டிருங்க. அம்மாவப் பாத்துச் சொல்லிட்டுப் போறேன்.”

எங்கள் வீடு டிஸ்பென்சரிக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் வாசலில் நின்று “அம்மா, போயிட்டு வாறோம்” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. என் மனைவி அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை. கட்டுப் பிரித்த கையோடு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவளைப் பொறுத்தவரை அந்தக் கை அவர் வேகவைத்த றப்பரால் முறிந்தது. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அந்தக் கப்புகளைப் போட்டேன். வேறு வழியில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு பிரேக்கை முழுவதும் கழற்றி, ஸ்பிரிட்டால் கழுவி, விளக்கெண்ணெய்க் கலவை மட்டும் ஊற்றச் செய்தேன். ஒவ்வொரு தடவை இறக்கத்திலும், இப்போது போகும், இப்போது போகும் என்று காத்திருந்தேன். போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பதை எழுதக் கூசுகிறது. அவருடைய றப்பர்தான் குற்றம் என்று ஆகியிருக்கும். போகவில்லை. ஒரு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம். ஒரு துளி கசியவில்லை. கார் ஒழுங்காக ஓட ஓட, குற்றம் என் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது.

ஆனால் ஒன்று. அந்த மோதலுக்குப் பிறகு நான் ஓசி ஓட்டத்தையும் விட்டுவிட்டேன். அதனால் ஒருவேளை எண்ணெயல்ல, அந்தப் பழக்கம்தான் பிரேக்கைக் கெடுத்ததோ என்று சில சமயம் வாதாடிப் பார்ப்பேன். இரண்டில் எதுவானாலும் நான்தான். வாதாடி எந்தப் பயனுமில்லை. அப்படியிருந்தும் வாதாடுகிறேன்.

அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, நீலகிரிப் பக்கத்திலிருந்து. அங்கும் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை. கையில் ஸ்பேனர் இல்லை, கொழுந்து வெட்டும் கத்தரி. குளிர் லுணுகலையைவிட அதிகம். கடைசி வரியில், ‘வண்டி பிரேக் எப்படி அய்யா இருக்கு?’ என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதினால், அப்படியானால் அன்று என்ன நடந்தது என்ற கேள்வி கூடவே வரும்.

எண்பதுகளின் நடுவில், ஜப்பான் வண்டிகள் ரோடு முழுக்க வந்துவிட்ட காலத்தில், காரை விற்றேன். பதுளையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி வாங்கினார். அவர் கூட்டிவந்த மெக்கானிக் வீட்டு முற்றத்திலேயே ஒரு சில்லைக் கழற்றிப் பார்த்தார். கப்பை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார்.

“இது கம்பனிச் சாமான் இல்லியே சேர். யாரு செஞ்சது?”

“இங்க ஒரு பாஸ் இருந்தார்.”

“எத்தன வருசமாக் கெடக்கு?”

“ஒன்பது, பத்து.”

அவர் விசிலடித்தார். “மொதலாளி, இதக் கழட்டத் தேவல்ல. அப்பிடியே ஓட்டலாம். புதுச் சாமானே ரெண்டு வருசம் தாங்குறது கஷ்டம்.”

கார் வாசல் படலையைத் தாண்டிப் போன பிறகு நான் திரும்பினேன். என் மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“அது அந்தத் தம்பி போட்ட றப்பருதானே?”

“ஆமா.”

“அப்ப, அன்னைக்கு எது போச்சு?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பரபின், ஓசி ஓட்டம், கூட்டத்துக்கு முன்னால் சொன்ன ‘இல்லையே’, துரையின் மேசையில் கிடந்த தாள், பதில் எழுதாத கடிதம். சொல்லச் சொல்ல, எது முதலில் எது பிறகு என்று எனக்கே குழம்பியது. அவள் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

கடைசியில் சொன்னாள்: “அந்தத் தம்பி வாசல்ல வந்து ரெண்டு தரம் கூப்பிட்டுச்சுங்க. ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம அனுப்பிட்டேனே.”

பிறகு எழும்பிப் போய்க் கடிதத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஒன்பது வருடம் கழித்து அவர் கேள்விக்குப் பதில் எழுதினேன். முதல் வரியில், ‘பாஸ், நீங்கள் செய்துகொடுத்த கப் இன்றுவரை பிடிக்கிறது’ என்று எழுதினேன். ‘நீங்கள்’ என்று எழுதியதும் பேனா நின்றது. அடுத்த வரியில், நீங்கள் கண்டிக்குப் போயிருந்தபோது நான் ஊற்றினேன் என்று எழுதினேன். மூன்றாவது வரியை, அன்று கொடுக்காத தேத்தண்ணியைப் பற்றியதை, என் மனைவி சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதினேன்.

பதில் வரவில்லை. அந்த முகவரியில் அவர் இருந்தாரா, உயிரோடு இருந்தாரா, வாசித்தும் எழுதாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. கடிதம் திரும்பியும் வரவில்லை.